மஞ்சள் முக்கோணம் சொல்லாதது

பூச்சிமருந்துக் கடையில் குளோர்பைரிபாஸ் 20 இசி என்ற பூச்சிக்கொல்லி பாட்டிலை வாங்கித் திருப்பிப் பாருங்கள். லேபிளின் மூலையில் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று இருக்கும். மேல்பாதியில் ‘விஷம்’ என்ற சொல், கீழ்ப்பாதி முக்கோணம் மஞ்சள். சிவப்பைக் கண்டால் யோசிக்கிறவர்கள்கூட மஞ்சளுக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. நீலம், பச்சை என்றால் வெறுங்கையால் கலக்குவார்கள். இந்த நிறத்தை முடிவு செய்வது கொல்லும் அளவுதான்: வாய்வழி கொடுத்தாலோ தோலில் பட்டாலோ பாதி எலிகளைக் கொல்லும் அளவு. வாய்வழிக் கணக்கில், உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. குளோர்பைரிபாஸ் ஏறக்குறைய 150-ஐ ஒட்டி நிற்கிறது. அதனால் மஞ்சள்.

அந்த எண்ணில் பொய் எதுவும் இல்லை. எவ்வளவு குடித்தால் உயிர் போகும் என்பதை அது சரியாகவே சொல்கிறது. ஆனால் பருத்திக் காட்டில் குனிந்து களையெடுக்கிற நான்கு மாதக் கர்ப்பிணிக்கு இந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. அவள் மருந்தைக் குடிக்கப் போவதில்லை. நேற்றுத் தெளித்த இலையில் அவள் முழங்கையும் முன்கையும் நாள் முழுக்க உரசும். தலைவலிகூட வராமல் வீட்டுக்குத் திரும்புவாள். அவளுக்குள் வளர்கிற மூளைக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்கு லேபிளில் நிறமும் இல்லை, வரியும் இல்லை. இது சின்ன விடுபடல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மருந்துகளின் பாதுகாப்பை அளக்க எடுத்த கோலே தவறானது என்று நினைக்கிறேன்.

அளவுகளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஏக்கருக்கு 500 மில்லி என்பது நம் ஊரில் வழக்கமான பரிந்துரை. 200 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 10 லிட்டர் டேங்குக்கு 25 மில்லி வரும். 20 இசி என்றால் ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் நஞ்சு. பாட்டிலிலிருந்து ஊற்றும்போது கைமேல் சிந்தும் ஒரு சொட்டில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் இருக்கும். தோல் வழியாக அதில் 3 சதவீதம் உள்ளே போகிறது என்று கொண்டால் 300 மைக்ரோகிராம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை, குழந்தைகளுக்கும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் நீண்டகாலத்துக்கு ஏற்கத்தக்கது என்று வைத்த அளவு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.03 மைக்ரோகிராம். 50 கிலோ பெண்ணுக்கு அது 1.5 மைக்ரோகிராம். ஆக, துடைக்காமல் விட்ட ஒரு சொட்டு, 200 நாள் கணக்கு. இதே பொருளுக்கு உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1999-இல் வைத்த அளவோ கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் அவளுக்கு நாளொன்றுக்கு 500 வரை பரவாயில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல், பாதுகாப்பான அளவு என்று எதையுமே நிர்ணயிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பொருள் ஒன்று, உடம்பு ஒன்று. 1.5, 500, எண்ணே இல்லை என மூன்று பதில்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கலிபோர்னியாவின் கீரைத் தோட்டங்களில் போய் நிற்போம்.

சலினாஸ் பள்ளத்தாக்கின் பிள்ளைகள்

மான்டரே கவுண்டியில் உள்ள சலினாஸ் பள்ளத்தாக்கு லெட்யூஸ், ப்ராக்கலி, ஸ்ட்ராபெர்ரி விளையும் பூமி. அறுக்கிறவர்களும் பறிக்கிறவர்களும் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். 1999-2000-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கனாசி குழுவினர் அங்கே 601 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அதன் சுருக்கப் பெயர் ‘சமாகோஸ்’. மெக்சிகோ ஸ்பானிஷ் பேச்சுவழக்கில் ‘பொடிசுகள்’ என்று பொருள். கர்ப்ப காலத்தில் இரண்டு முறை, ஏறக்குறைய 13-ஆவது வாரத்திலும் 26-ஆவது வாரத்திலும், தாயின் சிறுநீரை எடுத்தார்கள். குளோர்பைரிபாஸ் சேர்ந்த பூச்சிக்கொல்லிக் குடும்பமான ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் உடம்பில் சிதையும்போது உண்டாகும் டையல்கைல் பாஸ்பேட் என்ற கழிவுப்பொருளை அதில் அளந்தார்கள். பிறகு பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்தார்கள்.

தாயின் அளவு கூடக் கூட, பிறந்து சில வாரங்களிலேயே குழந்தைகளின் அனிச்சைச் செயல்களில் மாறுபாடுகள் கூடுதலாகத் தென்பட்டன. இரண்டு வயதில், தாயின் அளவு பத்து மடங்கு கூடினால் மனவளர்ச்சிக் குறியீடு சுமார் 3.5 புள்ளி இறங்கியிருந்தது. ஐந்து வயதில் கவனச் சிதறல் தெரிந்தது, பையன்களிடம் கூடுதலாக. ஏழு வயதில் 329 பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். தாய்மார்களை அளவுவாரியாக ஐந்து பங்காகப் பிரித்துப் பார்த்தபோது, மேல் பங்கின் பிள்ளைகளுக்கும் கீழ்ப் பங்கின் பிள்ளைகளுக்கும் இடையே சராசரி வித்தியாசம் 7 புள்ளி. பதினைந்து வயதுக்கு மேல் ஒரு பகுதிப் பிள்ளைகளின் தலையில் ஒளிக்கருவி பொருத்தி, யோசிக்கும் நேரத்தில் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் பாய்கிறது என்று பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் வீட்டருகே ஆர்கனோபாஸ்பேட் அதிகம் தெளிக்கப்பட்டிருந்தால், அந்தப் பாய்ச்சலின் அமைப்பு மாறியிருந்தது.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அந்த 7 அல்ல. பிள்ளைகளின் சொந்தச் சிறுநீரையும் அவர்கள் அளந்திருந்தார்கள். அந்த அளவுக்கும் ஏழு வயது மதிப்பெண்ணுக்கும் அப்படியொரு சீரான தொடர்பு தெரியவில்லை. தாயின் வயிற்றில் இருந்த காலத்து அளவுதான் தெரிந்தது. ‘பிள்ளைகளை வயல் பக்கம் விடாதீர்கள்’ என்ற அறிவுரை தேவைதான், ஆனால் அது வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. கர்ப்பம் உறுதியாகும் முன்பே பல வாரங்கள் ஓடிவிடுகின்றன. மூளையின் அடித்தளக் குழாய் மூடிக்கொள்வது கருத்தரித்த நான்காவது வாரத்தில். நாள் தள்ளிப்போனதை அப்போதுதான் அவள் கவனித்திருப்பாள்.

கலிபோர்னியாவுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. 1990 முதல் அங்கே வேளாண் மருந்துத் தெளிப்பு ஒவ்வொன்றையும் அரசிடம் பதிய வேண்டும். எந்த மருந்து, எத்தனை பவுண்டு, எந்தத் தேதி, எந்தச் சதுர மைலுக்குள் என்று எல்லாம் ஏட்டில் உண்டு. அந்தப் பதிவேட்டைத் தாயின் வீட்டு முகவரியோடு பொருத்தி, ஒரு கிலோமீட்டருக்குள் எவ்வளவு தெளித்தார்கள் என்று கணக்கிட்டபோதும் கோடு அதே திசையில்தான் போனது. சிறுநீரைத் தொடாமலே, முற்றிலும் வேறு வழியில் வந்த கணக்கு இது. நம் ஊரில் எந்த வயலில் எந்தத் தேதியில் எதைத் தெளித்தார்கள் என்பதற்கு அப்படி ஓர் ஏடு கிடையாது. மருந்துக்கடைக்காரரின் பில் புத்தகம்தான் நமக்கிருக்கும் ஒரே ஆவணம். பாதி நேரம் அதுவும் இல்லை.

கோல் எங்கே தவறியது

ஆர்கனோபாஸ்பேட் எப்படிக் கொல்கிறது என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் உடைத்துப்போடும் நொதி கோலினெஸ்டரேஸ். குளோர்பைரிபாஸ் கல்லீரலில் ‘ஆக்ஸான்’ என்ற இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாறி, அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. செய்தி நிற்காமல் ஓடுகிறது. எச்சில் வடியும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். ஆகவே ரத்தச் சிவப்பணுவில் உள்ள அதே நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் நஞ்சேறிய அளவு தெரிந்துவிடும். கலிபோர்னியாவில் 1974 முதல் இது தொழிலாளர் சட்டம். 30 நாளில் ஆறு நாளுக்கு மேல் இந்த மருந்துகளைக் கையாளுகிறவருக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நொதி 20 சதவீதம் இறங்கினால் வேலை முறையைச் சரிபார்க்க வேண்டும். சிவப்பணு நொதி 30 சதவீதம் இறங்கினால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்கியே ஆகவேண்டும். கலக்குகிற, தெளிக்கிற ஆட்களின் உயிரைக் காத்த நல்ல சட்டம் இது.

பிரச்சினை இதற்கு அடுத்த படியில். உணவிலும் வீட்டிலும் யாருக்கு எவ்வளவு வரை பாதுகாப்பு என்று முடிவு செய்யவும் இதே கோலைத்தான் எடுத்தார்கள். நொதி 10 சதவீதம் இறங்கும் அளவைத் தொடக்கப்புள்ளியாக வைத்து, அதிலிருந்து நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று கீழே வகுத்துக்கொண்டு போனார்கள். அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: நொதி இறங்கும் முன் வேறெந்தக் கெடுதலும் நடக்காது. வளர்ந்த ஆளுக்கு இது பெரும்பாலும் சரியாக இருக்கலாம். கருவுக்கு அப்படி இல்லை. வளரும் மூளையில் அசிட்டைல்கோலின் செய்தி மட்டும் கொண்டுபோவதில்லை. செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், நரம்பு இழை எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. கோலினெஸ்டரேஸ் நொதிக்கும் இழை நீள்வதில் தனிப் பங்கு இருப்பதாக ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. கட்டி முடித்த வீட்டில் ஒருநாள் மின்சாரம் ஏறி இறங்கினால் மறுநாள் சரியாகிவிடும். கொத்தனார் நூல் பிடிக்கிற நேரத்தில் கயிறு விரல்கனம் விலகினால், அந்தச் சுவர் அப்படியேதான் எழும்பும்.

திருப்பம் 2011-இல் வந்தது. ஒரே ஆண்டில், ஒரே இதழில் மூன்று குழுக்களின் முடிவுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று சலினாஸ். மற்ற இரண்டும் வயலே இல்லாத நியூயார்க் நகரத்தவை: கொலம்பியா பல்கலைக்கழகமும் மவுண்ட் சைனாய் மருத்துவமனையும். கொலம்பியா குழுவின் வர்ஜீனியா ராவும் சகாக்களும் அளந்தது சிறுநீரை அல்ல, தொப்புள்கொடி ரத்தத்தில் நேரடியாகக் குளோர்பைரிபாஸை. அங்கே அது வந்தது கரப்பான்பூச்சிக்கு அடித்த மருந்திலிருந்து. 265 பிள்ளைகளில், ரத்தத்தில் அளவு கூடக் கூட, ஏழு வயதில் ஒரு விஷயத்தை மனதில் நிறுத்தி வேலை செய்யும் திறனும் மொத்த மதிப்பெண்ணும் இறங்கின. சலினாஸில் மெக்சிகோக் குடும்பங்கள், நியூயார்க்கில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் டொமினிக்கன் குடியினரும். ஒரு பக்கம் வயல் காற்று, மறுபக்கம் அடுக்குமாடிச் சமையலறை. சாப்பாடும் சூழலும் வேறு. இரண்டு இடத்திலும் ஒரே திசையில் சரிவு. அந்தத் தாய்மார்கள் நஞ்சேறிய நோயாளிகள் அல்ல, சாதாரணக் கர்ப்பிணிகள். நியூயார்க் தாய்மார்கள் உடம்பில் ஏறிய அளவு நொதியை 10 சதவீதம் இறக்கப் போதுமானதே அல்ல என்று பின்னால் அமெரிக்க முகமையின் கணக்கே காட்டியது. தொடக்கப்புள்ளி என்று வைத்த இடத்துக்கு வெகு கீழேயே ஏதோ நடந்துகொண்டிருந்திருக்கிறது.

எலிச் சோதனைகள் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்கலாம். ஒரு சோதனை சொல்லியிருக்கிறது, அறிக்கைதான் சொல்லவில்லை. உற்பத்தியாளரின் செலவில் 1998-இல் முடிந்த வளர்ச்சிக்கால நரம்புச் சோதனையின் மூல எண்களை ஆக்சல் மீ, கிறிஸ்டினா ரூடன், பிலிப் கிராண்ட்ஷான் மூவரும் மீண்டும் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். குட்டிகளின் சிறுமூளை உயரம், கொடுத்த அளவுகளில் மிகக் குறைந்ததிலும் சுருங்கியிருந்தது. பல ஆண்டுகள் அனுமதிகளுக்கு ஆதாரமாக நின்றது, அந்தச் சுருக்கத்தைக் காட்டாத அறிக்கை. அடுத்த ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ‘பாதுகாப்பான அளவு இல்லை’ என்றதில் இதற்கும் பங்குண்டு. 2020-இல் ஐரோப்பாவில் விற்பனை நின்றது. கலிபோர்னியாவிலும் அந்த ஆண்டு முடிவோடு ஏறக்குறைய எல்லாப் பயன்பாடும் நின்றது. அமெரிக்க மத்திய அரசில் 2015-இல் தடை முன்மொழிவு, 2017-இல் மறுப்பு, 2021-இல் நீதிமன்ற உத்தரவால் உணவுப் பயிர்களுக்குத் தடை, 2023-இல் இன்னொரு நீதிமன்றத்தால் அந்தத் தடை ரத்து என்று ஊசலாடியது. அந்த இழுபறி முழுவதன் நடுவிலும் நின்றது பழைய கோலை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற ஒரே வழக்குதான்.

இதில் எவ்வளவு உறுதி

ஆதாரத்தை அதன் எடைக்கு மேல் சொல்லக் கூடாது. டையல்கைல் பாஸ்பேட் எந்த மருந்திலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்காது. காய்கறியின் மேலேயே மருந்து சிதைந்து, வெறும் கழிவாகவே வயிற்றுக்குள் போயிருந்தாலும் சிறுநீரில் அப்படியேதான் தெரியும். இந்த மருந்துகள் ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடுவதால், கர்ப்ப காலத்தில் இரண்டு முறை எடுத்த சிறுநீர் ஒன்பது மாதத்தையும் சொல்லிவிடாது. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் நடந்த ஆய்வில், தாயின் அளவுக்கும் ஆறு வயதுப் பிள்ளைகளின் அறிவுத்திறனுக்கும் இப்படியொரு சரிவு தெரியவில்லை. அளவையின் இந்தத் தடுமாற்றம் வழக்கமாக உண்மையான தொடர்பை மங்கவைக்குமே தவிர, இல்லாத ஒன்றை இரண்டு ஊர்களில் ஒரே திசையில் உண்டாக்குவது அரிது. என் தராசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

மாறாக, எல்லோரும் பகிர்கிற ஒரு சான்றுக்கு நான் அவ்வளவு எடை கொடுக்க மாட்டேன். மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் எலிசபெத் கியூலெட் நடத்தி 1998-இல் வெளிவந்த ஆய்வின் படங்கள் அவை. மருந்து அதிகம் அடிக்காத மலையடிவாரப் பிள்ளைகள் ஆளை ஆளாக வரைந்தார்கள். பள்ளத்தாக்குப் பிள்ளைகள் வரைந்தது சிதறிய கோடுகள். பார்த்தால் நெஞ்சு பதறும். அதே முறையில் இந்தியாவின் பருத்தி வட்டாரங்களிலும் பின்னர் சோதித்தார்கள், நம் தேனி மாவட்டம் உட்பட. ஆனால் யாக்கியில் சோதித்தது 50 பிள்ளைகளை, யார் உடம்பில் எவ்வளவு மருந்து என்று அளக்காமல். அது கேள்வியை எழுப்பிய ஆய்வு. பதிலின் பக்கம் நம்மைக் கொண்டுபோனது சலினாஸின் சிறுநீர்ப் புட்டிகள்தான்.

5 புள்ளி, 7 புள்ளி என்பதெல்லாம் ஒரு பிள்ளையிடம் கண்ணுக்குத் தெரியாது. ‘வாலு’, ‘மந்தம்’, ‘படிப்பு ஏறல’ என்று வீட்டில் ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஊர் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். சராசரி 100 என்று வைத்துக்கொண்டால், 70-க்குக் கீழே வரும் பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 2,300 பேர். சராசரி 5 புள்ளி மட்டும் இறங்கினால் அது 4,800 ஆகும். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகள் இரட்டிப்பு. மேல் முனையில் 130-ஐத் தாண்டுகிறவர்கள் 2,300-லிருந்து ஆயிரத்துக்குக் கீழே இறங்குவார்கள். பள்ளி ஆசிரியருக்குக் கிடைப்பது கொஞ்சம் பெரிதாகிவிட்ட பின்பெஞ்சு மட்டும்தான். காரணம் எந்தப் பதிவேட்டிலும் வராது.

தோட்டத்திலிருந்து தொட்டில் வரை

மருந்து வீட்டுக்குள் நடந்து வருகிறது. சட்டையில், செருப்பில், டூவீலர் சீட்டில். வெளியே வெயிலும் மழையும் மண்ணின் நுண்ணுயிர்களும் அதைச் சிதைக்கும். வீட்டுக்குள் இந்த மூன்றும் இல்லாததால் தூசியோடு வாரக்கணக்கில் கிடக்கும். வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுத் தூசியிலும் வண்டித் தூசியிலும் இந்த மருந்துகளை அளந்திருக்கிறார்கள். தவழும் பிள்ளைக்குத் தரைதான் உலகம், அதன் கை ஓயாமல் வாய்க்குப் போகும். ஆக்ஸானை உடைத்து வெளியேற்றும் பாராக்ஸோனேஸ் என்ற நொதி, பிறந்த குழந்தையிடம் தாய்க்கு இருப்பதில் சராசரியாக நான்கில் ஒரு பங்குதான். சில தாய்மார்களுக்கே அது பிறவியில் குறைவு. ஆகவே ‘எங்கப்பன் காலத்துல இருந்து அடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகல’ என்பது உண்மையாகவே இருக்கலாம். அடுத்த வீட்டுக்கும் அதுதான் உண்மை என்று ஆகாது.

அதிக நஞ்சு ஏறுவது தெளிக்கும்போது என்று நினைக்கிறோம். ஊற்றிக் கலக்கும்போதுதான் அபாயம் பெரிது, கையில் இருப்பது நீர்க்காத மருந்து. மூடியால் அளக்காதீர்கள், விரலில் வழியும். கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கையுறை நைட்ரைலாக இருக்க வேண்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும்.  கையுறையைக் கழற்றும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கழற்றும் விரலில் மருந்து ஏறும். டேங்கின் மூடி வாஷர் தேய்ந்திருந்தால் முதுகு நனையும். பத்து ரூபாய் வாஷர் மாற்றச் சோம்பி, ஈரப் பனியனோடு மூன்று மணி நேரம் நடப்பார்கள். முகத்தில் துண்டு கட்டுவதைப் பெரிய பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். தெளிக்கும்போது மருந்து உள்ளே போகும் பெரிய வழி தோல். முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் துண்டைவிட அதிகம் காக்கும்.

நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதும் பழக்கம் இன்னும் போகவில்லை. வாய்க்கால் தண்ணீரை வடிகட்டாமல் ஊற்றுவதால்தான் அடைக்கிறது. வேட்டித்துணியை இரண்டாக மடித்து வடிகட்டினாலே பாதி அடைப்பு நின்றுவிடும். மாற்று நாசில் ஒன்றும் பழைய பல்துலக்கி ஒன்றும் பையில் இருக்கட்டும். காற்று பக்கவாட்டில் வரும்படி நடந்து, அடித்த வரிசைக்குள் மறுபடி நுழையாமல் அடிக்காத பக்கமாகவே நகர வேண்டும். காலி பாட்டிலில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் குலுக்கி, அதையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போடுங்கள். ஓட்டை போடாத பாட்டில் என்றாவது ஒருநாள் வேறு எதற்காவது வீட்டுக்குள் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து குளிப்பது தாமதம். மோட்டார் கொட்டகையிலேயே ஒரு வாளி, சோப்பு, மாற்றுத்துணி வைத்துவிடுவதுதான் முறை. அடித்த துணியைத் தனிப் பையில் கட்டி, பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். இசி வகை மருந்தில் எண்ணெய்க் கரைப்பான் இருப்பதால் பச்சைத்தண்ணீரில் போகாது. வெந்நீரும் சோப்புத்தூளும் வேண்டும், இரண்டு முறை அலச வேண்டும். பாட்டில் மருந்து நேரடியாகக் கொட்டிய சட்டையைத் துவைத்துப் பயனில்லை, போட்டுவிடுங்கள். இந்தத் துணியைத் துவைப்பவர் பெரும்பாலும் மனைவியோ மருமகளோதான். அவர் கர்ப்பமாக இருந்தால் அடித்தவரே துவைக்கட்டும். டேங்கை டூவீலரில் வைத்துக் கொண்டுவந்த அன்று அதே சீட்டில் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள்.

அடித்த வயலுக்குள் எப்போது இறங்கலாம்? அமெரிக்காவில் குளோர்பைரிபாஸுக்குப் பெரும்பாலான பயிர்களில் 24 மணி நேரமும், எலுமிச்சை வகை மரங்களுக்கு 5 நாளும் தடை வைத்திருந்தார்கள். அதுவும் பழைய கோலால் அளந்த நேரம்தான். நம் ஊரில் காலையில் ஆண்கள் அடித்த காட்டில் மதியம் பெண்கள் களையெடுக்க இறங்குகிறார்கள், கூலியாட்களுக்கு எந்த வரிசையில் அடித்தார்கள் என்றே சொல்வதில்லை. வரப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

வயலே இல்லாதவர்கள் வீட்டுக்கும் இது வருகிறது, கரையான் மருந்தாக. வீடு கட்டும்போது இந்தியத் தர நிர்ணயப்படி 20 இசி ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் கலந்து, தரைமட்ட நிரவலின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் ஊற்றுகிறார்கள். ஆயிரம் சதுர அடிக்கு இதுவே நான்கரை கிலோவுக்கு மேல் நஞ்சு. நெல் வயலில் 45 ஏக்கருக்கு அடிக்கும் அளவு. அதன் மேல் கான்கிரீட் மூடிவிடும் என்பது உண்மை. குடியிருக்கும் வீட்டில் தரையோரம் துளைபோட்டு ஊற்றும்போதுதான் எனக்குப் பயம். அப்படிச் செய்தே ஆகவேண்டுமென்றால் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் வீட்டுக்குள் அடிக்கும் குளோர்பைரிபாஸ் 2001 முடிவோடு கடைகளிலிருந்து போனது. அந்த விலக்கல் தொடங்கிய பின் பிறந்த நியூயார்க் பிள்ளைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் அளவு சட்டென்று இறங்கியது.

மத்திய அரசு 2020 மே மாதம் தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவில் குளோர்பைரிபாஸ் இருந்தது. பின்னர் முழுத் தடை வந்த சில மருந்துகளில் அது இல்லை. 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் உலக நாடுகள் அதைச் சேர்த்தன, பல பயன்பாடுகளுக்கு விலக்கோடு. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் மாநில அரசால் தானாக 60 நாள், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள்தான் விற்பனையை நிறுத்த முடியும். தமிழ்நாடு அதைச் செய்தும் பார்த்தது, தற்கொலைகளைக் குறைக்க. அந்த நோக்கம் நியாயமானது. ஆனால் அதுவும் குடித்தால் சாவார்களா என்ற பழைய கேள்விக்கான பதில்தான்.

கருவின் மூளைக்கு என்ன ஆகும் என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்க நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்காக 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிய வேண்டும் என்பதால், கிராம சுகாதாரச் செவிலியர் அநேகமாக ஒவ்வொரு கர்ப்பிணியையும் முதல் மூன்று மாதத்திலேயே பார்த்துவிடுகிறார். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எழுதும் அதே நோட்டில் நான்கு கேள்வி சேர்த்தால் போதும். களையெடுக்க, பறிக்கப் போகிறாயா? மருந்தடிக்கும்போது தண்ணீர் சுமக்கிறாயா, கலக்கிக் கொடுக்கிறாயா? வீட்டில் யார் அடிக்கிறார்கள், அந்தத் துணியை யார் துவைக்கிறார்கள்? டேங்கும் பாட்டிலும் வீட்டில் எந்த இடத்தில் இருக்கின்றன?